உட்கார்ந்தால் வராத பதில்

முதல் கேள்வி கேட்டதும் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

மடிக்கணினித் திரையின் மூலையில், அவள் முகம் தெரிய வேண்டிய சின்னக் கட்டத்தில், சீருடைக் கோட்டின் பொத்தான்கள் மட்டும் தெரிந்தன.

பெங்களூரில் இருந்த மூன்று பேராசிரியர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“உட்கார்ந்தே சொல்லலாம்மா,” என்றார் நடுவிலிருந்தவர். நல்லவேளை, தமிழ்க்காரர்.

உட்கார்ந்தாள்.

பதில் போய்விட்டது.

தெரியாத பதிலா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சங்கரன்கோவிலுக்கு அந்தப் பக்கம் கிடக்கும் இந்த அரசுப் பள்ளியிலிருந்து, அவ்வளவு பெரிய அறிவியல் கல்லூரியின் நேர்காணல்வரை வந்தவள் இவள் ஒருத்திதான். இதில் தேறினால் இடம். தேறாவிட்டால், அடுத்த வருஷம் இங்கே யாரும் விண்ணப்பம்கூடப் போட மாட்டார்கள்.

இரண்டாவது கேள்வி.

மறுபடி எழுந்தாள்.

“ஏட்டி, உக்காரு!” சுவரோரம் நின்ற ஜெசிந்தா டீச்சர் பல்லைக் கடித்தார்.

இதைச் சொல்ல அவருக்கு வாய் எப்படி வந்ததோ! உட்கார்ந்தபடி யாராவது பதில் சொன்னால், “மகாராணிக்கு எந்திரிக்க முடியலையோ?” என்று கேட்டே ஆறாம் வகுப்பிலிருந்து பழக்கியவர் அவர்தான்.

“சார், நின்னுக்கிடட்டுமா? உக்காந்தா ஒண்ணும் வரமாட்டேங்கு.”

நடுவிலிருந்தவர் திரைப் பக்கம் குனிந்து, பொத்தான்களுக்கு மேலே முகத்தைத் தேடினார்.

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று வந்தார். மேசையிலிருந்த மடிக்கணினியைத் தூக்கி, அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றார்.

கட்டத்தில் முகம் வந்தது. திரைக்கு மேலே டீச்சரின் கண்கள், வகுப்பில் முறைப்பதுபோலவே முறைத்தன.

அவ்வளவுதான், கொட்டித் தீர்த்துவிட்டாள். ரயில் நெருங்கும்போது அதன் சத்தம் ஏன் மாறுகிறது என்பதில் தொடங்கி, நிறுத்தவே இல்லை. நடுவே அவர்களிடமே ஒரு சந்தேகம் கேட்டாள். ஓரத்தில் இருந்த பேராசிரியர் பதிலைத் தேடிக் கொஞ்சம் முழித்தார்.

கடைசியில் நடுவிலிருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“இங்க வந்தப்புறம் க்ளாஸ்ல உட்கார்ந்துதான் பதில் சொல்லணும். சரியா?”

“சரி சார்.”

அவளுக்கு உறைக்கவில்லை. தப்பைச் சுட்டிக்காட்டுகிறார் என்றே நினைத்தாள்.

திரை இருண்டது. மடிக்கணினி ஆடத் தொடங்கியது. டீச்சரின் கண்கள் இப்போது அதற்கு மேலே தெரியவில்லை.

“கை வலிக்கா டீச்சர்?” என்றாள்.