மூன்றாம் பூச்சு

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள தம் இசைக்கருவி பழுதுபார்க்கும் கடையில் சுகுமாறன் அந்தக் கித்தாரை மூன்றாம் முறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். கிரிஜாவின் இறந்துபோன கணவருடையது அது. வாசிக்கும்போது அவரது முன்கை பட்டுப் பட்டு, மேற்புற லாக்கர் மெருகுப்பூச்சு இளகிக் கறுத்திருந்தது. அந்தத் தடத்தைப் பார்த்தாலே மகள் வாணி அழுதாள்; வாசிப்பதையே விட்டுவிட்டாள்.

ஏற்கெனவே இரண்டு முறை வெறும் மரம் தெரியும்வரை தேய்த்துப் புது லாக்கர் அடித்தாயிற்று. இரண்டு முறையும் காய்ந்தபின் அதே இடம் அதே வடிவில் இளகியது.

"மழை ஈரம்தான் அக்கா. இந்தத் தடவ ஏர்கான் ரூம்ல காய வைக்கிறேன்."

"ஏதாச்சும் செய்ங்க தம்பி. எனக்கும் அலுத்துப்போச்சு."

இம்முறை லாக்கர் கண்ணாடிபோல் காய்ந்தது. தடம் இல்லை. கிரிஜா மகளை அழைத்து வந்தார். வாணி அழவில்லை. கித்தாரை மடியில் வைத்து, வலக்கையை அதன்மேல் கொண்டுபோனாள்.

"வாசியேன் லா," என்றார் கிரிஜா.

"கை வைக்க இடமில்லம்மா."

அவளுடைய கை, பளபளக்கும் மரத்துக்கு மேலே, அதைத் தொடாமல், ஓர் ஆணின் முன்கைப் பருமன் உயரத்தில், எதன்மேலோ சாய்ந்ததுபோல் அசையாமல் படிந்திருந்தது.