கடைசி இடத்துக்காரர்

அண்ணனின் கார் அடியில் தன் வீட்டுக்காரர் மல்லாந்து படுத்திருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்ததும் அவளுக்கு மானமே போய்விட்டது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்கள் மட்டும்தான் தெரிந்தன. மானம் போக அதுவே போதும்.

"விடும்மா," என்றார் அண்ணன், நாற்காலியை மின்விசிறிக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு. "முதலிடம் வாங்கின வண்டி அடியில எப்படி இருக்கும்னு மாப்பிள்ளையும் பார்க்கட்டுமே. நாலு விஷயம் கத்துக்கட்டும்."

அவர் மடியில் கார் பத்திரிகை இருந்தது. எந்த வண்டியை எவ்வளவு நம்பலாம் என்று வருஷா வருஷம் மார்க் போடுகிற பத்திரிகை. இந்த வருஷம் அண்ணன் வைத்திருக்கும் வண்டி முதலிடம். அவள் வீட்டுக்காரர் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருக்கும் கம்பெனியின் வண்டி, கடைசி இடம். பட்டியல் வந்த அன்றே போன் போட்டுச் சொன்ன அண்ணன், இன்று செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மறுபடி சொல்லிவிட்டார்.

"கடைசின்னா கடைசியேதான். எனக்கே பாவமா இருந்தது," என்றார். பாவப்பட்ட முகமாகத் தெரியவில்லை.

"அது வந்துண்ணே, பிரேக் ஓஸ்ல, அந்த ரப்பர் குழாயில, ஏதோ கோளாறுன்னு..."

"கோளாறு யார்கிட்டதான் இல்ல? அதுக்காகப் பேப்பர்ல முழுப்பக்கம் போட்டு, 'எங்க வண்டியில தப்பு இருக்கு, எல்லாரும் கொண்டு வாங்க'ன்னு தண்டோரா போடுவாங்களா? ஜனங்க பயந்துட்டாங்க, மார்க் விழுந்துடுச்சு. எந்தப் புத்திசாலி கொடுத்த யோசனையோ!"

அந்தப் புத்திசாலியின் கால்கள்தான் வெளியே தெரிந்தன.

"என் வண்டிக் கம்பெனியைப் பாரு. சத்தம் போடறதே கிடையாது. இலவச முகாம்னு எத்தனை தடவை கூப்பிட்டாங்க தெரியுமா? வண்டியைக் கழுவித் தர்றாங்களாம், செக் பண்றாங்களாம், போனா ஒரு குடை வேற பரிசாம். நான் போகலையே! குறையே இல்லாத வண்டியை எதுக்குக் கொண்டுபோய்க் காட்டணும்?"

அண்ணன் மகளுக்கு மலைமேல் ஓர் ஊரில் வேலை கிடைத்திருந்தது. நாளைக்கு அவளே இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகப் போகிறாள். சொல்லிக்கொண்டு போகத்தான் அப்பாவும் மகளும் வந்திருந்தார்கள். வந்த இடத்தில் இப்படி ஒரு கூத்து.

பொறுக்க முடியாமல் அவள் வாசலுக்குப் போனாள்.

"எழுந்திருங்க! அக்கம்பக்கத்துல எல்லாரும் பார்க்கறாங்க. பொறாமைக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

"ஒரு நிமிஷம் இரு," என்று அடியிலிருந்து குரல் வந்தது. "இன்னொரு தடவை மிதிம்மா."

ஸ்டியரிங் முன்னால் அண்ணன் மகள் உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் அவள் கவனித்தாள். பெண் பிரேக்கை மிதித்துப் பிடித்தாள்.

"இப்போ நல்லா கெட்டியா இருக்கு மாமா!"

அவர் வெளியே நகர்ந்து வந்தார். முழங்கை வரை கருப்பு. கையிலிருந்த குட்டையான ரப்பர் குழாயை அவளிடம் நீட்டினார்.

"வளைச்சுப் பாரு."

வளைத்தாள். ரப்பர் நடுவில் வாயைப் பிளந்தது.

"என்னங்க இது?"

"உங்க அண்ணன் வண்டியில இருந்த ஓஸ். எங்களுக்கும் அவங்களுக்கும் செஞ்சு கொடுக்கறது ஒரே ஆள்தான். நாங்க ஊரறியச் சொல்லி மாத்தினோம். அவங்க, வண்டி கழுவறோம்னு கூப்பிட்டு, வாயே திறக்காம மாத்தி அனுப்பறாங்க. உங்க அண்ணன் கழுவக்கூடப் போகலை."

"அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"அன்னைக்கு போன்ல சொன்னேனே. கடைசி இடத்துக்காரனுக்கு வயித்தெரிச்சல்னு சிரிச்சார். பக்கத்துல நின்னு நீயும்தான் சிரிச்சே. அதான் புது ஓஸ் வாங்கி வச்சுட்டு, வண்டி எப்போ வரும்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

சிரித்தது அவளுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

மலைப்பாதை, ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதிக்கிற இந்தப் பிள்ளையின் கால்... அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை. இவ்வளவு நேரம் வெட்கப்பட்டதை நினைத்துத்தான் இப்போது வெட்கமாக இருந்தது. அதுவும் கொஞ்ச நேரம்தான். அழுக்குச் சட்டையோடு நிற்கும் அந்த மனிதரைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்குள் அண்ணன் பத்திரிகையும் கையுமாக வந்தார். மகளைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, வண்டியைத் தெருமுனை வரை ஓட்டித் திரும்பினார். இறங்கும்போது வாயெல்லாம் பல்.

"பிரேக் இன்னைக்கு என்னமா பிடிக்குது! முதலிடம்னா சும்மாவா? மாப்பிள்ளை, நல்லாப் பார்த்துக்கிட்டீங்க இல்ல? உங்க கம்பெனியில போய்ச் சொல்லுங்க!"

"மச்சான், அது..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். அண்ணன் கையிலிருந்த பத்திரிகை மேலேயே அந்தக் குழாயை வைத்தாள்.

"என்னம்மா இது?" அண்ணன் எடுத்து வளைத்துப் பார்த்தார். ரப்பர் பிளந்தது. அவர் பார்வை மெதுவாக மகள் பக்கம் போனது.

"உங்க முதலிடத்து வண்டியோட பிரேக் ஓஸ்ண்ணே," என்றாள் அவள், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "புதுசு மாட்டினவர்தான் கடைசி இடத்துக்காரர்!"