கறுப்பா, செம்பா?

முதலாளி அவொக்காத்தோ கடைசியாக வாங்கி வரச் சொன்னது இருநூறு துப்பாக்கிக் குண்டுகள். இத்தாலியின் பலெர்மோ நகரில், பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்துத் துவக்குக் கடைக்குள் நின்று, ஏர்னஸ்ற் ஒரு குண்டை உள்ளங்கையில் உருட்டினான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மணந்தும் பார்த்தான்.

"செம்பு பூசினதோ, கறுப்புப் பூசினதோ?" என்று கடைக்காரன் மரியாதையாகக் கேட்டான். "நீர் சண்டை நடக்கிற நாட்டாலை வந்தனீர். உமக்குத் தெரியாததே?"

ஏர்னஸ்ற் தலையை ஆட்டினான். மன்னாரில் வெடிச் சத்தம் கேட்டால் முதலில் கட்டிலுக்குக் கீழே போகிற ஆள் அவன்தான். துவக்கைத் தொட்டதே இல்லை. போன கிழமை செம்பு வாங்கியதால், "கறுப்பைத் தாரும்" என்றான்.

அவொக்காத்தோ என்றால் வழக்கறிஞர்; அவருக்கு வயது எண்பத்தொன்று. வழக்குகளைக் கைவிட்ட பிறகு அந்தக் கிழட்டு வழக்கறிஞருக்கு மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமைச் சூட்டுப் பயிற்சி மட்டும். தோட்டாவை அவர் கடையில் வாங்குவதில்லை. சுட்ட வெறுங் கோதுகளில் வெடிமருந்து போட்டு, முனையில் ஈயக் குண்டு வைத்து, தானே அடைப்பார்.

வெறும் ஈயம் குழலுக்குள் அப்பிக்கொள்ளும். அதனால் மேலே பூச்சுள்ள குண்டுதான் வேண்டும். எந்தப் பூச்சு நல்லது என்பதைத்தான் அவர் ஏழு மாதமாக முடிவுசெய்துகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவன் மனைவி யோசப்பின் குண்டுப் பெட்டியைக் காலால் ஓரத்துக்குத் தள்ளினாள். "சண்டைக்குப் பயந்து ஓடி வந்த மனிசன், இஞ்சை குண்டு தெரிஞ்செடுக்கிறார். கத்தரிக்காய் தெரிஞ்செடுக்கத் தெரியாது. பல்லரோச் சந்தையிலை வாங்கினது முழுக்கச் சூத்தை."

"மெல்லக் கதை. இந்த வேலை போனால் பெர்மெசோவும் போகும்."

அது உண்மை. அவொக்காத்தோவின் மகள் மிலானோவிலிருந்து தொலைபேசி எடுக்கும் போதெல்லாம், அப்பா சுடுவதை நிறுத்தினால் அந்த ஆள் எதற்கு என்று கேட்பாள். வேலை இல்லையென்றால் ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லாதவனுக்குப் பெர்மெசோவை, நாட்டில் இருக்கும் அனுமதியை, யார் புதுப்பித்துத் தருவார்கள்?

ஆகவே அவொக்காத்தோ சுட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கஷ்டம் என்னவென்றால், அவருக்குத் தூரத்தில் கண் தெரியாது. ஒரு வெடியும் குறி வரைந்த தாளில் படுவதில்லை. தாளை ஒட்டிய பலகையிலும் படுவதில்லை. பின்னால் வீட்டளவு உயரத்தில் நின்ற மண்மேட்டில்கூட ஒரு தூசி கிளம்பியதில்லை.

அதனால் ஏர்னஸ்ற் தாளை எடுக்கப் போகும்போது முதுகைக் காட்டி நின்று, காதில் செருகிய பென்சிலால் அதில் ஓட்டை குத்திக்கொண்டு வருவான். நடுவில் இரண்டு ஓட்டை, ஓரத்தில் நாலு. பேராசை கூடாது.

அந்த ஞாயிறும் அப்படித்தான். தோட்டாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தான். சனிக்கிழமை கையை இழுக்கும் ஈயம் தோட்டாவுக்குள் போனதும் பஞ்சு மாதிரி ஆகிவிடுவது அவனுக்கு ஒவ்வொரு கிழமையும் ஆச்சரியம். அறையைப் பூட்டிக்கொண்டு அவர் தனியே செய்கிற வேலை. என்ன வித்தையோ.

சுட்டு முடிந்தது. அவொக்காத்தோ பூதக்கண்ணாடியைத் தாளில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இஞ்சை பாரும், எர்னெஸ்தோ. ஓட்டையைச் சுத்திச் சாம்பல் நிறம். பூச்சுப் பூசின குண்டு இப்பிடிக் கறை வைக்கக் கூடாது."

"அப்ப கறுப்பும் சரியில்லையோ?"

"சரியில்லை. வாற சனி திரும்பச் செம்பு வாங்கிப் பாப்பம்."

சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பினார். தோள்கள் குலுங்கின. இருமல் என்று நினைத்து ஏர்னஸ்ற் தண்ணீரை நீட்டினான்.

திங்கட்கிழமை காலை அவொக்காத்தோ எழும்பவில்லை. வழக்கமான நேரத்துக்கு ஊற்றிய கோப்பி மேசையிலேயே ஆறிக் கிடந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள், அவர் மனைவி சிஞ்ஞோரா கத்தரீனா ஏர்னஸ்ற்றை அந்தப் பூட்டிய அறைக்குள் கூட்டிப்போய் அலுமாரியைத் திறந்தார். செம்பு, கறுப்பு, செம்பு, கறுப்பு என்று அவன் ஏழு மாதமாகச் சுமந்து வந்த பெட்டிகள் மேல்தட்டு வரைக்கும் அடுக்கியிருந்தன. ஒன்றின் ஒட்டுத்தாள்கூடக் கிழிபட்டிருக்கவில்லை.

"கண் மங்கின அண்டைக்கே குண்டு வைக்கிறதை விட்டிட்டார். ஆருக்கேனும் பட்டிடும் எண்ட பயம். பிறகு வெறும் மருந்தும் சத்தமும்தான்." சிஞ்ஞோரா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உம்மடை பென்சில் ஓட்டையளை எனக்குக் கொண்டுவந்து காட்டிக் காட்டிச் சிரிப்பார்."

ஏர்னஸ்ற்றின் கை தானாகக் காதுக்குப் போனது. பென்சில் அங்கேதான் இருந்தது.

"அப்ப என்னத்துக்கு, சிஞ்ஞோரா, ஒவ்வொரு சனியும் என்னைக் கடைக்கு அனுப்பினவர்?"

அவர் வாய் திறக்குமுன், அடக்கத்துக்கு வந்திருந்த மகளின் குரல் கூடத்திலிருந்து கேட்டது. "அம்மா, இனி அந்த ஆளுக்கு இஞ்சை என்ன வேலை?"

சிஞ்ஞோரா அலுமாரியை மெல்லச் சாத்திப் பூட்டி, திறப்பை ஏர்னஸ்ற்றின் சட்டைப் பையில் போட்டார். பிறகு கூடத்தில் நின்ற மகளுக்குக் கேட்கும்படி சொன்னார்.

"அவருக்குச் சனிக்கிழமை துவக்குக் கடைக்குப் போற வேலை இருக்கு, பிள்ளை. கறுப்போ செம்போ எண்டு கொப்பர் இன்னும் முடிவெடுக்கேல்லை."