ஒன்றரை அடி உயரத்தில்

வீட்டு ஓனர் அய்யாத்துரை அண்ணாச்சி வடிகட்டின கஞ்சன் என்பதில் தெருவில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இப்போது எபினேசரிடம் அதற்கு ஆதாரமே இருந்தது.

அவன் குடியிருக்கும் வீட்டு ஹாலில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருந்த இரண்டு பிளக் பாயிண்டும் பத்து நாளாக வேலை செய்யவில்லை.

அண்ணாச்சி பக்கத்து வீடுதான். கேட்டதற்கு எலக்ட்ரீசியன் துரைப்பாண்டியை அனுப்பினார். துரைப்பாண்டி ஸ்க்ரூவைக் கழற்றினான், உள்ளே பார்த்தான், மறுபடி மாட்டினான். வயர் உள்ளே பொசுங்கிவிட்டது, சுவரை உடைக்க வேண்டும், அண்ணாச்சி சம்மதிக்க மாட்டார் என்றான். அதற்குப் பதிலாக ஐந்தடி உயரத்தில் புதிதாக ஒரு பாயிண்ட் வைத்துவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து எபினேசரின் போன் துணிப்பைக்குள் சுவர் ஆணியில் தொங்கியபடி சார்ஜ் ஏறியது. யாராவது கூப்பிட்டால் சுவரைப் பார்த்து நின்று பேச வேண்டும். ராஜபாளையம் ரோட்டில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறவனுக்கு இது மானப் பிரச்சினை.

இத்தனைக்கும் அந்தக் கீழ் பாயிண்டுகள், மகள் ஜெஸ்லின் தவழ ஆரம்பித்தபோது அவனே அலைந்து வாங்கிவந்தவை. சைல்டு லாக் சாக்கெட். மேல் துளைக்குள் ஏதாவது நுழைந்தால்தான் கீழ்த் துளைகளின் மூடி திறக்கும். மாட்டிய அன்று படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தான். அறுபத்திரண்டு பேர் பார்த்தார்கள்.

அவனுடைய சார்ஜருக்கு இரண்டே பின். அதனால் தினமும் சட்டைப்பையில் இருக்கும் பேனாவை மேல் துளையில் குத்தி, மூடியைத் திறந்து, சார்ஜரைச் சொருகுவான். சுவிட்சை அணைக்கிற பழக்கமும் கிடையாது. இதை அவன் ஸ்டேட்டஸ் வைக்கவில்லை.

அவன் மனைவி பெனிட்டா தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிள்ளைக்காக இரண்டு வருஷம் வீட்டிலிருந்துவிட்டு, மூன்று மாதத்துக்கு முன்புதான் மறுபடி வேலையில் சேர்ந்தாள். பகலில் ஜெஸ்லின் பால்வாடியில் இருப்பாள். இதற்கெல்லாம் சம்மதிக்க எபினேசர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தான்.

"பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்தாலும் அன்னைக்கே நீ வேலையை விட்டுரணும். பாத்துக்க."

வாசலில் நின்று, அண்ணாச்சி வீட்டுக்கும் கேட்கிற குரலில் சொன்னான்.

பிளக் பாயிண்ட் செத்துப்போன அந்த நாளைப் பற்றிப் பெனிட்டாவுக்கு ஒரு குழப்பம் உண்டு. அன்று சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது. அண்ணாச்சி சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள், நல்லா வாங்கிக் கட்டிக்கப் போறோம் என்று பயந்தபடி இறங்கி வந்தாள். பார்த்தால் அவர் ஹாலில் மெயினை அணைத்துவிட்டு நின்றிருந்தார். லைனில் ஏதோ கோளாறு, எலக்ட்ரீசியன் வரும்வரை மெயினைப் போட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜெஸ்லின் அழுதுகொண்டிருந்தாள். அவள் எதற்கும் அழுவாள்.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எபினேசர் கடையநல்லூரிலிருந்து மன்சூர் அலியை வரவழைத்தான். சவூதியில் எட்டு வருஷம் வயரிங் பார்த்தவர். வந்ததும் மெயினை அணைத்துவிட்டுச் சாக்கெட்டைக் கழற்றினார்.

"பொசுங்கவெல்லாம் இல்ல தம்பி. வயரை வெட்டி, டேப் சுத்தி வச்சிருக்கு. சுத்தமான வேலை."

எபினேசருக்கு இதுதான் வேண்டியிருந்தது. அண்ணாச்சியைக் கூப்பிட்டு ஹாலில் நிறுத்தினான். ஆடித்தபசுத் திருவிழாவில் சப்பரம் பார்க்க நிற்பதுபோல் தெருவே வாசலில் நின்றது.

"வயரை வெட்டச் சொன்னது யாரு அண்ணாச்சி?"

"நாந்தான்."

"எதுக்கு?"

"எம் வீடு. வெட்டச் சொன்னேன்."

எபினேசர் அதற்குப் பிறகு பத்து நிமிஷம் பேசினான். இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று கேட்டான். இந்த மாதத்தோடு காலி செய்கிறோம் என்றான். போகும்போது சுவரில் அடித்த ஆணியைப் பிடுங்கி ஓட்டையை அடைத்துவிட்டுப் போகச் சொன்னார் அண்ணாச்சி.

பெனிட்டா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் சங்கரன்கோவிலில் இன்னொரு வீடு லேசில் கிடைக்காது. வீடு மாறினால் வேலையும் போய்விடும்.

இதற்குள் மன்சூர் அலி வயரை ஒட்டவைத்து, சாக்கெட்டை மாட்டி முடித்தார். மெயினைப் போடட்டுமா என்று கேட்டபடி எழுந்தார்.

"போடாதீங்க பாய்" என்றார் அண்ணாச்சி. "பிள்ளையைப் பாருங்க."

எல்லோரும் திரும்பினார்கள்.

ஜெஸ்லின் சாக்கெட் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் அம்மாவின் கொண்டை ஊசி. ஒன்றை மேல் துளையில் குத்தி அழுத்தினாள். உள்ளே மூடி திறக்கிற சத்தம் கேட்டது. அழுத்திய கையை எடுக்காமல், மற்ற ஊசியைக் கீழ்த் துளைக்குக் கொண்டுபோனாள். தினமும் அப்பா செய்கிற மாதிரியேதான் செய்தாள்.

எபினேசர் பாய்ந்து பிள்ளையைத் தூக்கினான். தூக்கிய வேகத்தில் சட்டைப்பையிலிருந்து பேனா தரையில் விழுந்தது.   ஊசி இரண்டையும் பிடுங்கிக்கொண்டு பெனிட்டா பக்கம் திரும்பினான்.

"ஊசியைக் கண்ட எடத்துல போடுவியா? நாளையிலேருந்து நீ வேலைக்கு..."

அண்ணாச்சி குனிந்து பேனாவை எடுத்து, அவன் சட்டைப்பையில் சொருகினார்.

"இதுக்குப் பயந்துதான் தம்பி, அன்னைக்கு பிள்ளை கையில இருந்து இதே ஊசியைப் பிடுங்குனத நான் யாருகிட்டயும் சொல்லல."