சாய்ந்த கடல்

“இந்தத் தீவுல நம்ம கோடை ஓவியப் பள்ளிய இன்னியோட மூடுறோம். இப்பவாவது கடல நேரா வரையக் கூடாதாம்மா?” ஓவிய ஆசிரியர் மாணவியின் படத்தைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“நான் பாக்குற கடல் இப்படித்தான் சார் இருக்கு.”

“மத்தவங்களும் அதே கடலத்தானே வரைஞ்சாங்க? இதுக்கு வெள்ளை அடிச்சிடலாம். அடுத்த கோடைக்குக் கேன்வாஸாவது மிஞ்சும்.”

“அவங்க கரையில உக்காந்து வரைஞ்சாங்க சார்.” தூரிகையைக் கழுவி வைத்தவள், ஆணியில் தொங்கிய படகுச் சாவியை எடுத்தாள். “எல்லாரும் படகுல ஏறுங்க. இந்த சீசனுக்கு இதான் கடைசி ட்ரிப்.”

தினமும் போலவே படகை அவளே ஓட்டினாள். முதல் அலையிலேயே ஆசிரியர் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எதிரே கடல், படத்தில் இருந்த அதே சாய்வில் நின்றது.

“அம்மா... அந்தப் படத்துக்கு வெள்ளை அடிச்சாச்சா?”

“உங்க சீட்டுக்கு அடியில இருக்கு சார். கேப்பீங்கன்னு தெரியும்.”