மூன்று லென்ஸிலும் ஒரு கோடு

"ஒரு கோடு தெரியுது தம்பி," என்றாள் அகஸ்டினா.

பதுளைக் கண்ணாடிக் கடையிலிருந்து வந்திருந்த றினாஸ், அவள் முகத்திலிருந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துணியால் துடைத்து மறுபடி மாட்டினான்.

கோடு அங்கேயே இருந்தது.

எட்டு நாள் அடைமழை அன்று காலைதான் விட்டிருந்தது. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா வாசலில் தோட்டமே வரிசையில் நின்றது. மூக்குக்கண்ணாடி சும்மா கிடைக்கிறதென்றால் யார்தான் வரமாட்டார்கள்?

அவளுக்கென்று றினாஸ் எடுத்து வைத்த மூன்றும் ஒரே நம்பர். லென்ஸ்தான் வேறு வேறு. ஒன்று பிளாஸ்டிக், ஒன்று அசல் கிளாஸ், ஒன்று கீழே போட்டாலும் உடையாத ரகம். எதில் நன்றாகத் தெரிகிறது என்று சொல்ல வேண்டும். சொல்வதையே வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

எழுத்து அட்டையைக் காட்டினால் பாதிப்பேர் திருதிருவென்று விழிக்கிறார்கள் என்று, எதிர்மலையைப் பார்க்கச் சொன்னான். அகஸ்டினாவுக்கு அந்த மலையைத் தெரியாதா? அதன் அடியில்தான் அவள் குடியிருக்கும் வரிசை வீடான லயம். கடைசிக் காம்பராவில் மகள் நிலுக்ஷி, பிள்ளை பெற்று ஒன்பதாம் நாள், படுத்திருக்கிறாள்.

எதிரே வந்த கங்காணியையே "யாரடா அது" என்று கேட்டு ஏச்சு வாங்கியவள் அகஸ்டினா. இத்தனை வருடம் வெறும் பச்சையாக இருந்த மலையில் இன்று ஒவ்வொரு தேயிலைச் செடியும் தனித்தனியாகத் தெரிந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்தக் கோடு மட்டும் இல்லாவிட்டால்!

பிளாஸ்டிக்கில் நூல் மாதிரி இருந்தது. கிளாஸில் இன்னும் கறுப்பாக, மலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஓடியது.

மூன்றாவதை அவள் கண்முன்னாலேயே உறையைப் பிரித்து மாட்டினான். கோடு போகவில்லை.

"இது புத்தம் புதுசு, கீறல் இருக்க ஏலாது. அப்ப கோளாறு கண்ணுலதான் அம்மா. துண்டு எழுதித் தாறேன், ஆஸ்பத்திரில காட்டுங்க."

பக்கத்துக் காம்பரா மாணிக்கராஜின் சம்சாரம் இப்படித்தான் கண்ணைக் காட்டப் போய்ப் பதினைந்து நாள் வார்டிலேயே கிடந்தாள். பச்சை உடம்புக்காரி நிலுக்ஷியை யார் பார்ப்பது? பிள்ளையை யார் குளிப்பாட்டுவது?

கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள்.

"இப்ப இல்லீங்க தம்பி. பளிச்சினு இருக்கு."

றினாஸ் முகம் மலர்ந்து, தாளில் மூன்றாவதற்கு நேரே ஒரு சரி போட்டான்.

வழியெல்லாம் அவள் கழற்றிக் கழற்றி மலையைப் பார்த்துக்கொண்டே போனாள். கழற்றினால் கோடு இல்லை; மாட்டினால் இருக்கிறது. அப்படியென்றால் கண்ணில் குறையில்லை, கோளாறு இந்த லென்ஸில்தான். மனப்பாரம் இறங்கியது. ஓசியில் கொடுப்பது வேறு எப்படி இருக்கும் என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

பிள்ளைத்துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க லயத்துப் பின்பக்கம் போனாள். உள்ளே நிலுக்ஷி தொட்டிலை ஆட்டும் சத்தம் கேட்டது.

கொடிக்குக் கீழே, ஈரப்புல்லில், அதே கோடு.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். கோடு மறைந்து எல்லாம் ஒரே பச்சையானது. அப்படியும் மனம் கேட்காமல் குனிந்து, அந்த இடத்தைக் கையால் தடவினாள்.

கை மணிக்கட்டு வரை பிளந்த மண்ணுக்குள் போனது.