இரண்டு குழாய்

பட்டாளத்துப் பச்சையில் ஒரு முதுகுத் தண்ணீர்ப் பையை எடுத்துப் போட்டார் கடைக்காரர். "மூணு லிட்டர் சார். குழாயைக் கடிச்சு உறிஞ்சிக்கிட்டே நடக்கலாம். நாலு நாள் மலையேற இதான் சரி."

குழாயின் ரப்பர் நுனியைக் கோதண்டம் விரலால் அழுத்திப் பார்த்தான். போன மாதம் மலையில், பாட்டில் காலியாகித் தள்ளாடிய நண்பன் சிங்காரம், கோதண்டத்தின் பையிலிருந்த இப்படியொரு நுனிக்குத்தான் கை நீட்டினான்.

"எச்சியாயிரும்டா. கீழ ஓடையில குடிச்சுக்கலாம்" என்று கோதண்டம்தான் சொன்னான்.

ஓடைவரை சிங்காரம் வரவில்லை. பிணத்தைத் தூக்க வந்தவர்கள் கோதண்டத்தின் முதுகிலிருந்து பையை இறக்கியபோது, உள்ளே தண்ணீர் தளும்பியது.

"தனியாத்தானே போறீங்க? ஒரு ஆளுக்கு இது தாராளம் சார்."

கோதண்டம் நுனியிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"ரெண்டு குழாய் வச்சது இருக்கா?"